முட்டைகோஸ் ஆறு காய் மிச்சம்: நறுக்கி உறைய வைக்கலாமா?

மதுரை_மருமகள் | ஞாயிறு, காலை 9.40

லாரியோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போன என் தம்பி, அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது என்று அரை மூட்டை முட்டைகோஸை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக இன்னும் ஆறு காய் இருக்கிறது. வீட்டில் நானும் கணவரும் மாமியாரும்தான். தினமும் கோஸ் பொரியல் போட்டால் மூன்றாம் நாள் மாமியார் தட்டைத் தள்ளிவிடுவார்.

எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மேலே சின்ன ஐஸ் பெட்டி. பொடியாக நறுக்கிப் பையில் கட்டி அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும் என்கிறாள் தோழி. கொதிநீரில் போட்டு எடுக்காமல் வைத்தால் வீணாகும் என்கிறார் ஓரகத்தி. யார் சொல்வதைக் கேட்பது?

குன்னூர்க்_குளிர் | ஞாயிறு, காலை 10.15

அம்மா, அவசரப்பட்டுக் கத்தியை எடுக்காதீர்கள். முழுக் கோஸை எதற்காக உறைய வைக்க வேண்டும்? காய்கறிகளில் இவ்வளவு பொறுமையான காய் குறைவு. 0 டிகிரி குளிரும் 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் உள்ள குளிர்கிடங்கில், தாமதமாக முற்றும் கெட்டி இரகங்கள் ஐந்தாறு மாதம்கூடக் கிடக்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் கெட்டியான காய் மூன்று வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். நன்றாகக் கவனித்தால் ஒன்றரை மாதம் வரை போகும்.

எங்கள் பக்கம் தோட்டத்தில் அறுக்கும்போதே வெளிப்பச்சை இலைகள் சிலவற்றை விட்டுத்தான் அறுப்பார்கள். அதுதான் காய்க்குச் சட்டை. நகரத்தில் காயை வாங்கி வந்தவுடன் அதை எல்லாம் பிய்த்துப் போட்டு, உள்ளே வெள்ளை வெளேரென்று தெரிந்தால்தான் மனம் திருப்தியாகிறது. பிறகு காய் வாடிவிட்டது என்று புலம்புகிறார்கள். அழுகிய இலை, கிழிந்த இலை மட்டும் போகட்டும். மற்றவை இருக்கட்டும். கழுவவும் கூடாது, இலை இடுக்கில் தங்கும் தண்ணீர் அழுகலுக்கு அழைப்பு. தண்டின் வெட்டுவாய் கறுத்திருந்தால் மெல்லிய வில்லையாகச் சீவிவிட்டு, பாலித்தீன் பையில் தளர்வாகப் போட்டு, ஓரிரண்டு துளையிட்டுக் காய்கறி டிராயரில் வையுங்கள்.

இன்னொன்று. ஆப்பிள், பழுத்த வாழை, தக்காளி இவற்றின் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு பட்டால் கோஸ் மஞ்சளடிக்கும், இலைகள் அடியோடு கழன்று விழ ஆரம்பிக்கும். கோஸ் அழுகிவிட்டது என்று சொல்லும் வீடுகளில் அதே டிராயரைத் திறந்து பார்த்தால் பாதி நேரம் பழம் கிடக்கும்.

பனிப்பெட்டி_பழுது | ஞாயிறு, காலை 10.52

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் கோஸை வைக்காதீர்கள். கோஸ் இலை கிட்டத்தட்ட மைனஸ் 1 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஐஸ் பெட்டியின் அடியில் படும் பக்கம் கண்ணாடி போலாகி, வெளியே எடுத்ததும் தொளதொளத்துவிடும். அதைப் பார்த்துவிட்டுக் காய் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

உறைய வைப்பது பற்றி: கோஸில் 92 சதவீதம் தண்ணீர். அது பனிக்கட்டியாகும்போது ஊசி ஊசியாகப் படிகம் கட்டி, செல்சுவரைக் கிழிக்கும். எவ்வளவு மெதுவாக உறைகிறதோ அவ்வளவு பெரிய படிகம், அவ்வளவு கிழிசல். உருகியதும் தண்ணீர் தனியே, நார் தனியே. எனவே மொறுமொறுப்பு திரும்பி வராது. சாலட், ரைத்தா எல்லாம் மறந்துவிடலாம். வேகவைத்துச் சாப்பிடும் காயாக மட்டும் நினைத்தால் ஃப்ரீசர் கோஸ் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்துக்கானவை. ஐஸ் பெட்டியின் குளிரைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. குளிருக்கு வேறு குறியீடு உண்டு. பனிப்பூ போன்ற நட்சத்திரம் ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் மைனஸ் 18 வேண்டும். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் பல அந்த அளவுக்கு இறங்குவதில்லை. ஐஸ்கிரீம் கல்லாக நிற்கிறதா, கரண்டி சுலபமாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் சில வாரங்களுக்கு மேல் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

கல்யாணச்_சமையல் | ஞாயிறு, காலை 11.30

எங்கள் குடும்பமே பந்திச் சமையல். உறைந்த கோஸில் பொரியல் செய்து இலையில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். கோஸ் பொரியலின் உயிரே அந்த அரைவேக்காட்டுக் கடிப்பில்தான் இருக்கிறது. தாளித்து, பெரிய தீயில், மூடி போடாமல், தண்ணீர் தெளித்தும் தெளிக்காமலும் இறக்க வேண்டிய காய் அது. அதை ஐஸில் போட்டுக் கொன்றுவிட்டுத் தேங்காய் தூவி என்ன பயன்? மிச்சக் கோஸை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்கார்பரோ_வாசி | ஞாயிறு, பகல் 12.05

வணக்கம் உறவுகளே. நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். ஐயா சொல்வது பொரியலுக்குச் சரி. ஆனால் கோவா (முட்டைகோஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என்றால் பொரியல் மட்டும்தானா? பருப்புக் கறிக்கும் சூப்புக்கும் சொதிக்கும் உறைந்த கோவா நன்றாகவே போகிறது. அவற்றில் எப்படியும் இலை குழைந்துதான் ஆக வேண்டும். உங்கள் பொரியல் போன்ற வறைக்கு மட்டும் நானும் புதுக் காய்தான் எடுப்பேன்.

இங்கே போலந்து, உக்ரைன்காரர் செய்யும் ஒரு வேலை சுவையானது. கோவா இலைக்குள் இறைச்சியும் சோறும் வைத்துச் சுருட்டி அவிக்கும் பலகாரம் அவர்களுக்கு உண்டு. இலையை மடித்தால் உடையும் அல்லவா? அதற்காக முழுக் கோவாவையும் டீப் ஃப்ரீசரில் உறைய விட்டு, பிறகு ஃப்ரிட்ஜில் மெதுவாக உருக விடுவார்கள். இலை துணி போலத் துவண்டு ஒவ்வொன்றாகக் கழன்று வரும். நாம் குறை என்று சொல்லும் தொளதொளப்புதான் அவர்களுக்கு வேண்டியது.

அவசரச்_சமையல் | ஞாயிறு, பகல் 12.40

நான் எந்தக் காயையும் கொதிநீரில் போட்டதே கிடையாது. ஞாயிறு நறுக்கி, ஜிப் பையில் போட்டு உள்ளே தள்ளுவேன். கோஸும் அப்படித்தான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வேலைக்குப் போகிறவர்களை ஏன் இப்படிச் சடங்குகளால் பயமுறுத்துகிறீர்கள்?

பனிப்பெட்டி_பழுது | ஞாயிறு, பகல் 1.20

ஞாயிறு நறுக்கினால் அடுத்த ஞாயிறுக்குள் தீர்த்துவிடுவீர்கள், அதனால்தான் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் வரை பச்சையாக உறைய வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல்தான் கணக்கு மாறும்.

குளிர் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும். காய்க்குள் இருக்கும் நொதிகளை (என்சைம்களை) அது முழுதாக நிறுத்தாது. அவை மைனஸ் 18-லும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். நிறம் மங்கும், வைக்கோல் வாடை வரும். கோஸ் குடும்பத்துக்கு இயல்பாகவே கந்தக மணம் உண்டு, அது இன்னும் தூக்கலாகும். கொதிநீரில் போட்டு எடுத்தால் அந்த நொதிகள் செத்துவிடும். பிறகு நல்ல ஃப்ரீசரில் எட்டு மாதம், பத்து மாதம்கூடச் சுவை நிற்கும்.

முறை இதுதான். அரைக் கிலோ கோஸுக்கு 4 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். காயைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதி வர வேண்டும்; வரவில்லை என்றால் காய் அதிகம், தண்ணீர் குறைவு. மறுகொதி வந்த பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். நீளவாக்கில் சீவியது என்றால் ஒன்றரை நிமிடம். தண்டோடு சேர்த்துப் பிளந்த பெரிய துண்டு என்றால் மூன்று நிமிடம். உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில். எவ்வளவு நேரம் வெந்ததோ குறைந்தது அவ்வளவு நேரம் குளிர வேண்டும். நேரம் குறைந்தால் நொதி சாகாது, சூட்டில் அது இன்னும் துடிப்பாகும். அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமலே விடலாம். கூடினால் கூழ். அதே தண்ணீரை அடுத்தடுத்த ஈடுகளுக்குப் பயன்படுத்தலாம்.

மதுரை_மருமகள் | ஞாயிறு, மாலை 4.10

குளிர்ந்த தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் இந்த நேரத்தில் டீ போடும் சூட்டில் வருகிறது. ஐஸ் தட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

பனிப்பெட்டி_பழுது | ஞாயிறு, மாலை 4.35

நியாயமான கேள்வி. காயின் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும் என்பது கணக்கு. முந்தின இரவே கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி ஐஸ் பெட்டியில் உறைய விடுங்கள். வேலையை விடியற்காலையில் வைத்துக்கொண்டு, மண்பானைத் தண்ணீரில் ஐஸைப் போட்டால் சமாளிக்கலாம். ஆனால் ஒரே நாளில் ஆறு காயையும் முடிக்க நினைக்காதீர்கள். உங்கள் ஐஸ் பெட்டி பதினைந்து லிட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் முக்கால் கிலோ புதுக் காய்தான் அது தாங்கும். அதற்கு மேல் திணித்தால் உறைவது மெதுவாகும். படிகம் பெரிதாகும். ஏற்கனவே உள்ளே இருப்பதும் இளகும்.

ஈரம் போக வேண்டியது முக்கியம். வடிதட்டில் வடித்து, பழைய பருத்தி வேட்டியில் பரப்பி, ஒற்றி எடுங்கள். பிறகு தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஒன்றிரண்டு மணி நேரம் உறைய விட்டு, உதிரியானதும் பையில் அள்ளிக் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். ஒரு வேளைக்கு ஒரு பை. பெரிய கட்டியாக உறைந்தால் பிறகு அம்மிக்குழவிதான் வேண்டும்.

இட்லிக்_கொப்பரை | ஞாயிறு, மாலை 5.05

நான்கு லிட்டர் தண்ணீர், அதைக் கொதிக்க வைக்க எரிவாயு, குளிர வைக்க ஐஸ். இதற்கு இட்லிக் கொப்பரையில் ஆவி காட்டினால் போதாதா?

பனிப்பெட்டி_பழுது | ஞாயிறு, மாலை 5.20

போதும், ஒரு நிபந்தனையோடு. காய் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்க வேண்டும். குவியலாக வைத்தால் மேலே வெந்து நடுவில் பச்சையாக இருக்கும். ஆவிக்கு ஒன்றரை மடங்கு நேரம் ஆகும். சீவிய கோஸுக்கு இரண்டேகால் நிமிடம். மூடி போட்டு ஆவி நன்றாக எழுந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள். ஒரு லாபமும் உண்டு. வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து போகும் சத்து. கோஸில் 100 கிராமுக்கு 36 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கொதிநீரைவிட ஆவியில் இழப்பு குறைவு. இட்லித் துணியில் பரப்பினால் எடுப்பதும் சுலபம்.

குன்னூர்க்_குளிர் | ஞாயிறு, மாலை 6.00

மதுரைக்குச் சொன்ன நேரத்தை எங்கள் ஊர்க்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குன்னூர் 1850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 5000 அடிக்கு மேல் இருக்கும் ஊர்களில் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கோஸை உறைய வைக்கும் தேவை யாருக்கு வருகிறது என்று கேட்டால் பதில் இல்லை, கொல்லையிலேயே நிற்கிறது.

கல்யாணச்_சமையல் | ஞாயிறு, இரவு 7.45

சரி, இவ்வளவு பாடுபட்டு உறைய வைத்ததை என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே. நானே சொல்கிறேன்.

கூட்டுக்குப் பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவிட்டு, உறைந்த கோஸை உருக்காமல் அப்படியே போடுங்கள். பாதி வெந்த காய் என்பதால் நாலைந்து நிமிடத்தில் ஆகிவிடும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. கோஸ் வடைக்கும் பக்கோடாவுக்கும் வேண்டுமானால் உருக விட்டு, துணியில் முறுக்கிப் பிழியுங்கள். பச்சைக் கோஸில் உப்புப் போட்டுப் பிசறிக் காத்திருந்து பிழிவோம் அல்லவா, அந்த வேலையைப் பனியே செய்துவிடுகிறது. பிழிந்த தண்ணீரைச் சாம்பாரில் விடலாம். சப்பாத்திக்குள் வைக்கும் பூரணத்துக்கும் அதே பிழிவு வேண்டும். இல்லாவிட்டால் மாவு கிழியும். துவையலுக்கு எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கினால் வித்தியாசமே தெரியாது.

பொரியல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் வேறு வழி. கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, கோஸை அகலச் சட்டியில் முக்கால் பதம் வதக்கி ஆறவிட்டு அதை உறைய வையுங்கள். வதக்கும் சூடே நொதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். தேங்காய் மட்டும் போடாதீர்கள். இறக்கும்போது புதுத் தேங்காய் தூவினால்தான் மணம். உருளைக்கிழங்கும் சேர்க்காதீர்கள், உறைந்தால் மாவாகிப் போகும். பட்டாணி, கேரட் தாராளமாகச் சேரும். பந்திக்கு இதை வைக்க மாட்டேன். வீட்டுக்குச் சரி.

அவசரச்_சமையல் | ஞாயிறு, இரவு 8.10

ஐயா, காலையில் முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கச் சொன்னீர்கள், இரவில் வடை சுடுகிறீர்கள். இருந்தாலும் வதக்கி வைக்கும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊறுகாய்ப்_பரணி | ஞாயிறு, இரவு 8.30

ஃப்ரீசரே இல்லாமல் உப்பில் புளிக்க வைக்கலாமே? ஒரு கிலோ கோஸுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு. சன்னமாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசைந்தால் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீருக்குள் காய் முழுக மூழ்கியிருக்க வேண்டும்; மேலே கனமாக ஏதாவது வையுங்கள். ஜெர்மனியில் 18 முதல் 24 டிகிரியில் மூன்று நான்கு வாரம் விடுவார்கள். மதுரை வெப்பத்தில் அவ்வளவு நாள் விட்டால் கொழகொழத்துவிடும். சில நாளில் புளிப்பு ஏறியதும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். மாமியாரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இட்லிக்_கொப்பரை | ஞாயிறு, இரவு 8.50

புழு, பூச்சி மருந்து இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். உறைய வைத்தால் அவை போய்விடுமா?

குன்னூர்க்_குளிர் | ஞாயிறு, இரவு 9.15

மருந்து உறைந்தாலும் மருந்துதான். கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்குப் பல மருந்துகள் பலிக்காமல் போய்விட்டன; அதனால் அடிக்கும் தடவையும் கூடுகிறது. சேமிப்பில் இருக்கும்வரை வெளி இலை இருக்கட்டும் என்றேன், சமைக்கும்போது அதை எடுத்துப் போட்டுவிடுங்கள். மருந்து நேராகப் படுவது அங்கேதான். உள்ளே இறுகிய இலைகளைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவி, பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்துதான் போகும். புழு இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் இலைகளை அரை மணி நேரம் உப்புத் தண்ணீரில் போடுங்கள், மிதந்து வெளியே வரும். கிருமிகளைப் பொறுத்தவரை உறைநிலை அவற்றைத் தூங்க வைக்கும், கொல்லும் என்று நம்பக் கூடாது. ஃப்ரீசர் கோஸைப் பச்சையாகத் தின்ன வேண்டாம், முழுக்க வேகட்டும்.

மதுரை_மருமகள் | திங்கள், காலை 7.20

எல்லோருக்கும் நன்றி. ஓரகத்திக்கு வெற்றி என்று அவரிடம் சொல்லப் போவதில்லை.

முடிவு இதுதான்: கெட்டியான நான்கு காயை வெளி இலையோடு ஃப்ரிட்ஜில், தக்காளியை வெளியே எடுத்துவிட்டு வைக்கிறேன். இளகலாக இருக்கும் ஒன்று ஆவி காட்டி ஐஸ் பெட்டிக்கு, தினம் அரைக் கிலோ வீதம். கடைசி ஒன்று இந்த வாரச் சமையலுக்கு. அதைப் பாதியாக வெட்டாமல் சமைக்க வழி உண்டா? வெட்டிய பாதி எப்போதும் விளிம்பில் கறுத்துவிடுகிறது.

குன்னூர்க்_குளிர் | திங்கள், காலை 7.45

உண்டு. தண்டுப் பக்கம் கீறி, வேண்டிய இலைகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். உள்காய் முழுதாகவே நிற்கும், அடுத்த வாரமும் புதிதாக இருக்கும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் வெட்டுவாயில் காற்றுப் படாமல் இறுக்கமாகச் சுற்றி, நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது கறுத்த விளிம்பை மட்டும் சீவினால் போதும்.

பனிப்பெட்டி_பழுது | திங்கள், காலை 8.05

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் எது என்று பார்த்துவிட்டு உறைய வையுங்கள். காலை முதல் மாலை வரை மின்சாரம் இல்லாவிட்டால், நிறைய நிரம்பிய தனி டீப் ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இரண்டு நாள் தாங்கும், பாதி நிரம்பியது ஒரு நாள். உங்கள் ஐஸ் பெட்டியின் மெல்லிய கதவுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. மாலையில் தொட்டுப் பாருங்கள். பைக்குள் பனித்துகள் இன்னும் நறநறத்தால் மறுபடி உறையட்டும், சுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுக்க உருகி, இன்னும் சில்லென்று இருந்தால் அன்று இரவே கூட்டு வைத்துவிடுங்கள். சில்லிப்பும் போய்விட்டிருந்தால் குப்பைக்கு.

அவசரச்_சமையல் | திங்கள், காலை 8.30

இதே இழையில் காலிஃபிளவரையும் கேட்டுவிடுகிறேன். அதற்கும் ஒன்றரை நிமிடம்தானா?

பனிப்பெட்டி_பழுது | திங்கள், காலை 8.42

மூன்று நிமிடம். ஓர் அங்குலப் பூக்களாகப் பிரித்து, அண்ணன் சொன்ன உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்துவிட்டுப் போடுங்கள். 4 லிட்டருக்கு நான்கு தேக்கரண்டி உப்பு.